முதல் வரைவு ஓடும்போது புதுப்படமும் வெப் தொடரும்: எப்படிப் பிரித்து வைப்பது?

செக்காலைக்காரன் (கேள்வி)

எழுதுகிறவர்களும் ஒரு படம் விடாமல் பார்க்கிறவர்களும் இங்கே பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

நாவல் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. திட்டம் 60,000 சொல், 22,000 வரை வந்திருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய செட்டிநாட்டுக் குடும்பம், பாகப்பிரிவினைக்கு நிற்கும் வீடு, அதில் திறக்கவே திறக்காத ஓர் அறை. கொஞ்சம் மர்மக்கதை வாடையும் உண்டு. ஆபீஸ் 10 முதல் 6 வரை. மிச்ச நேரத்தில்தான் எழுத வேண்டும். அந்த மிச்சத்தைத்தான் வெள்ளிக்கிழமை ரிலீஸும் ஓடிடியும் பங்கு கேட்கின்றன.

படம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது நடக்காது. வாரத்துக்கு எவ்வளவு பார்த்தால் எழுத்து நிற்காமல் ஓடும்? எழுதும் கதை மாதிரியே இருக்கும் தொடர்களை அந்தச் சமயத்தில் பார்க்கலாமா? பார்த்தது வசனத்திலும் வர்ணனையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே பார்க்காவிட்டால் கதையை எவனாவது உடைத்துவிடுகிறான், அதற்கு என்ன வழி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கோட்டையூரான்

தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். நேரமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், எத்தனை மணி இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

பாக்கி 38,000 சொல். தமிழில் புதிதாக யோசித்து எழுதுகிறவருக்கு மணிக்கு 400 சொல் என்பது கௌரவமான வேகம். ஆக 95 மணி. தினம் ஒன்றேகால் மணி, வாரம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு ஏழரை மணி. கிட்டத்தட்ட 13 வாரத்தில் முதல் வரைவு முடியும்.

இப்போது அந்தப் பக்கம். தியேட்டர் படம் இரண்டே முக்கால் மணி. இடைவேளை, விளம்பரம், வண்டி நிறுத்தி எடுப்பது, திரும்புவது எல்லாம் சேர்ந்தால் நாலு மணி. 50 நிமிட எபிசோடு நாலு பார்த்தால் மூன்று மணி இருபது நிமிடம். வாரத்துக்கு ஒரு படம், நாலு எபிசோடு. இதுவும் ஏழரை மணிக்குள்தான் வருகிறது. இரண்டையும் கூட்டினாலும் 15 மணி. வேலைக்குப் போகிற ஆளுக்கு வாரத்தில் 15 மணி கிடைக்காமல் போகாது.

அப்புறம் எங்கே ஓட்டை? பார்ப்பதைச் சுற்றி இருப்பதில். எதைப் பார்க்கலாம் என்று உருட்டும் அரை மணி, டிரெய்லர், டிரெய்லரை அலசும் வீடியோ, படம் முடிந்ததும் நாலு விமர்சனம், குரூப்பில் சண்டை. இரண்டே முக்கால் மணிப் படத்துக்கு இந்தச் சில்லறையே இரண்டு மணி தின்னும். கணக்கில் வராத செலவு இதுதான். எழுத்து நேரத்தைக் கடிப்பதும் இதுதான்.

அதற்கு அடுத்தது வரிசை. எழுதிவிட்டுப் பார்க்கலாம், பார்த்துவிட்டு எழுத முடியாது. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மணி நேரம் வேறு நாலு பேருடைய குரலைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால், உங்கள் பாத்திரத்தின் குரல் திரும்பிவர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் எழுந்திருக்கத்தான் தோன்றும். ஆகவே எழுத்துக்குக் காலை ஐந்தேகால் முதல் ஆறரை. திரைக்கு இரவு.

ராத்திரி எங்கே நிறுத்துவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. எபிசோடு முடிந்ததும் நிறுத்தப் பார்க்கிறார்கள். முடியாது, ஏனென்றால் கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் கொக்கி வைப்பதற்கென்றே தொடர் எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். அடுத்த எபிசோட்டின் முதல் பத்து நிமிடத்தில் அந்தக் கொக்கியை அவர்களே தளர்த்திவிடுவார்கள். அங்கே நிறுத்துங்கள், சுலபமாக எழுந்துவிடலாம். தினம் ஒரு எபிசோடு என்று வைக்காமல், ஒன்றின் 12-ஆவது நிமிடத்திலிருந்து அடுத்ததன் 12-ஆவது நிமிடம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் இதற்கு பிரவுசரில் கணக்கைத் திறந்து, உங்கள் புரொஃபைலுக்குள் ப்ளேபேக் செட்டிங்ஸ் போக வேண்டும். அங்கே இரண்டு டிக் இருக்கும்: அடுத்த எபிசோடு தானாக ஓடுவது ஒன்று, உருட்டும்போது முன்னோட்டம் ஓடுவது இன்னொன்று. இரண்டையும் எடுங்கள். முன்னோட்டம் நின்றாலே அந்த அரை மணி உருட்டல் பாதியாகும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி அமைப்பு என்பதால் வீட்டில் மற்றவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் டிஜிட்டல் வெல்பீயிங் டைமர் வைக்கிறவர்களுக்கு ஒன்று: அந்தக் கணக்கு நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். 11:50-க்கு டைமர் தீர்ந்தால் பத்து நிமிடத்தில் செயலி மறுபடி திறந்துகொள்ளும். டைமரோடு, ராத்திரி 10:30-க்கு பெட்டைம் மோடும் போடுங்கள்.

நள்ளிரவு வரை விழித்திருக்கிற கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. நெட்ஃபிளிக்ஸின் சொந்தத் தொடர்கள் பெரும்பாலும் அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவுக்கு வருகின்றன. நமக்கு அது பகல் 12:30, அவர்கள் குளிர்காலத்தில் 1:30. பன்னிரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார வேண்டியதே இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி

கோட்டையூரார் கணக்கு சரி. ஆனால் பார்ப்பதை முழுக்கச் செலவுப் பக்கத்தில் எழுதிவிட்டார். எழுதுகிறவருக்கு அதில் வரவும் உண்டு, எடுக்கத் தெரிந்தால்.

ஒரு 200 பக்க நோட்டு வாங்கி, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று பிரியுங்கள். பற்றில் படத்தின் பெயர், தேதி, மொத்த மணி. டிரெய்லர், விமர்சனம் பார்த்த நேரமும் சேர்த்து. வரவில் உங்கள் வரைவுக்கு உதவும் ஒன்றே ஒன்று. கதைச்சுருக்கம் கூடாது, 'நன்றாக இருந்தது' கூடாது. 'கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டாமல், படித்தவள் அடுப்பை அணைக்க மறந்ததைக் காட்டினார்கள்' என்கிற அளவில் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் ஐந்தொகை எடுங்கள். தொடர்ந்து மூன்று படத்துக்கு வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அது ஓய்வு. ஓய்வு தப்பில்லை. அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வதுதான் தப்பு.

மர்மக்கதை என்றீர்கள். எட்டு எபிசோடு தொடர் ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் புதிதாகத் திறந்த கேள்வி எது, மூடிய கேள்வி எது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றை மூடுவதற்கு முன்பே இன்னொன்றைத் திறந்திருப்பார்கள். இதே அட்டவணையை உங்கள் அத்தியாயங்களுக்கும் போடுங்கள். அத்தியாயத்துக்கு 2,000 சொல் என்றால் மொத்தம் 30. பூட்டிய அறை மூன்றாம் அத்தியாயத்தில் வந்து, பன்னிரண்டாவதில்தான் மறுபடி வருகிறதென்றால் வாசகர் மறந்திருப்பார். தொடரில் 'முன்கதை' என்று ஒரு நிமிடம் ஓட்டி நினைவூட்டிவிடுகிறார்கள். நாவலில் அந்த வசதி இல்லை. புத்தகத்தை மடக்கி வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுக்கிறவருக்காக, இரண்டு மூன்று அத்தியாயத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கதவைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். சாவியின் துரு, கதவுக்கு முன்னால் யாரோ நகர்த்தி வைத்த குதிர், எதுவானாலும் சரி.

இனி ஒட்டிக்கொள்வது. வசனத்தைவிட வர்ணனையில்தான் அது முதலில் தெரியும். இப்படி எழுதியிருப்பீர்கள்:

'கதவு திறந்தது. அவன் உள்ளே வந்தான். ஆச்சி திரும்பிப் பார்த்தாள். யாரும் பேசவில்லை. வளவில் புறா ஒன்று பறந்தது.'

இதில் ஐந்து ஷாட் இருக்கிறது. எழுத்து என்று ஒன்றும் இல்லை. கேமரா பார்க்க முடிந்ததை மட்டும் எழுதிவிட்டு, நடிகையின் முகமும் பின்னணி இசையும் செய்ய வேண்டிய வேலையை வாசகர் தலையில் கட்டியாயிற்று. அதே இடம் இப்படியும் வரலாம்:

'தாழ்ப்பாள் சத்தத்திலேயே வந்தது இளையவன் என்று ஆச்சிக்குத் தெரிந்துவிட்டது. மூத்தவன் தூக்கித் திறப்பான், இவன் இழுப்பான். சாப்பிட்டுவிட்டுக் கேட்பானா, கேட்டுவிட்டுச் சாப்பிடுவானா என்பதுதான் பாக்கி. சோறு எதற்கும் இருக்கட்டும் என்று உலையில் இன்னொரு கை அரிசி போட்டாள்.'

சோதிக்கும் வழி சுலபம். எழுதிய ஒரு பக்கத்தில், கேமராவும் மைக்கும் பிடிக்க முடியாத வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்: நினைப்பு, வாசனை, உள்ளங்காலில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி, பத்து வருடத்தை ஒரே வரியில் தாண்டுவது. ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு அடிக்கோடுகூடத் தேறாவிட்டால் அது திரைக்கதை, நாவல் வேஷம் போட்டிருக்கிறது.

பயிற்சி வேண்டுமென்றால் மூன்று நிமிடக் காட்சி ஒன்றைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இரண்டு முறை பாருங்கள். மூடிவிட்டு 300 சொல்லில் உரைநடையாக எழுதுங்கள். பிறகு சத்தத்தோடு பாருங்கள். எங்கே இசை செய்ததை நீங்கள் பெயரடை போட்டு ஈடுகட்டினீர்கள் என்று பளிச்சென்று தெரியும். இந்தப் பயிற்சிக்கு 1.25 வேகம் உதவாது. வசனத்துக்கு நடுவே விடும் மௌனத்தைத்தான் கவனிக்கிறோம், வேகத்தைக் கூட்டினால் முதலில் சாகிறது அதுதான்.

இன்னொன்று, நம்ம ஊரை எழுதுகிறவர்களுக்கு. கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளை சினிமாவில் எத்தனையோ ஊர் ஜமீன்தார் வீடாகக் காட்டியாயிற்று. பார்த்துப் பார்த்து, இங்கேயே பிறந்தவர்கள்கூடத் தங்கள் கதையில் மிராசும் ஆண்டானும் வைத்து எழுதுகிறார்கள். அது கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போனவர்கள் கட்டிய வீடு. பர்மா, மலேயா, இலங்கை லேவாதேவிப் பணம். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் பண்ணையார் அந்தப்புரம் இல்லை, கல்யாணமான ஒவ்வொரு மகனுடைய புள்ளிக்கும், அதாவது தனிக் குடும்பத்துக்கும், ஒதுக்கியவை. உங்கள் கதையே பாகப்பிரிவினை. எந்த அறை யாருக்கு என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இதை எந்தத் தொடரும் உங்களுக்குச் சொல்லித்தராது. வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, அறைக்கு அறை பெயர் எழுதி, மேசைமேல் ஒட்டிவிட்டு எழுதுங்கள்.

ரஸ்தா ரயிலடி

ஆச்சி சொன்ன அட்டவணை அருமை. ஆனால் அது இரண்டாம் வரைவுக்கு. முதல் வரைவில் 22,000-இல் நிற்கிறவருக்கு நோட்டும் பேனாவுமாகத் தொடர் பார்க்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை ஆச்சி. பாதியில் நிற்கும் கதை இன்னும் இறுகவில்லை. அந்த நேரத்தில் அதே வகைக் கதையை நுணுக்கமாக அலசினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவர்கள் முடிச்சு நம்முடையதைவிட நேர்த்தியாகத் தெரிந்து, நம்முடையதைப் பிரிக்கத் தொடங்குவோம். அல்லது, 'இதே மாதிரி வந்துவிட்டதே' என்று பயந்து, நன்றாக இருந்த ஒன்றை வேண்டுமென்றே வேறு மாதிரி வளைப்போம். இரண்டிலும் கெடுவது அடுத்த 10,000 சொல்.

ஆகவே முதல் வரைவு முடியும் வரை குடும்பப் பாகப்பிரிவினை, பூட்டிய அறை, பழைய கொலை, இந்த மூன்றும் வேண்டாம். நகைச்சுவை, சமையல், கிரிக்கெட் ஆவணப்படம், அனிமேஷன் என்று எதையும் பாருங்கள். தவிர்த்ததற்கு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். வரைவை முடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு மூன்று நாலு வாரம் தொடாமல் வைக்க வேண்டும் அல்லவா, அந்த வாரங்களில் மொத்தமாகப் பாருங்கள். திருத்த உட்காரும்போது ஆச்சியின் அட்டவணை கையில் தயாராக இருக்கும்.

அதைவிடப் பெரிய திருட்டு ஒன்றை இருவருமே சொல்லவில்லை: விமர்சனம் எழுதுவது. படம் பார்த்த சூட்டில் ராத்திரி 11 மணிக்கு முகநூலில் 600 சொல் எழுதுகிறோம். அது அடுத்த நாள் காலை எழுத வேண்டிய நாவலின் பங்கு. அளவும் ஏறக்குறைய அதே, கை வேகமும் அதே. ஆனால் லைக் உடனே வருகிறது. நாவலுக்கு லைக் வர இரண்டு வருடம் ஆகும். மூளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்கவே வேண்டாம். படத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால் மூன்று வரி, அதுவும் ஞாயிறு மாலை. மூன்று நாளுக்குப் பிறகும் எழுதத் தோன்றினால் அதில் விஷயம் இருக்கிறது. மற்றதெல்லாம் பொரிகடலை.

கதையை உடைப்பவர்களுக்கு: எக்ஸ் தளத்தில் சொற்களை மியூட் செய்யலாம். 24 மணி, 7 நாள், 30 நாள், நிரந்தரம் என்று கால அளவு கேட்கும். படத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், ஹேஷ்டேக் வடிவிலும், நாயகன் பெயரையும், படத்தில் அவருடைய பாத்திரப் பெயரையும் போட்டு 7 நாள் வையுங்கள். பாத்திரப் பெயரை விட்டுவிடுவதால்தான் பலருக்கு உடைகிறது. கிளைமாக்ஸ் பற்றிய ட்வீட்டில் படத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது, பாத்திரத்தின் பெயர்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் 8 மணி, ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று இருக்கிறது, ஒரு வாரம் போதும். கூடவே ஆர்க்கைவில் தள்ளுங்கள். மியூட் செய்தால் சத்தம்தான் வராது, கடைசிச் செய்தி பட்டியலில் தெரிந்துகொண்டே இருக்கும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி வைத்தால், ஒரு டிரெய்லர் பார்த்த பாவத்துக்கு இருபது 'முடிவு விளக்கம்' வீடியோ முகப்பில் வந்து விழாது. தம்ப்நெயிலே கதையைச் சொல்லிவிடும் காலம் இது.

செக்காலைக்காரன்

நன்றி அண்ணே, ஆச்சி. இரண்டு தடை இருக்கிறது. வீட்டில் டிவி பட்டாலையில், அதாவது கூடத்தில். வளவு திறந்த வளவு என்பதால் முகப்பில் உட்கார்ந்தாலும் இரண்டாம் கட்டில் உட்கார்ந்தாலும் வசனம் முழுக்கக் காதில் விழுகிறது. காலையிலும் எல்லா நாளும் எழ முடியாது. ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு வரி நகர்வதில்லை, கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது.

கண்டனூர் சைக்கிள்

வீட்டு விஷயத்துக்கு நான் வருகிறேன். வளவு சத்தத்தை எல்லாப் பக்கமும் அனுப்பும், ஆனால் அறைச் சுவர் அனுப்பாது. செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தடியாக எழுப்பிய சுவர். வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் டிவிக்கு எதிர்ச் சிறகில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துக் கதவைச் சாத்துங்கள். பழைய தேக்குக் கதவுக்கு அடியில் இடைவெளி இருக்கும், பாதிச் சத்தம் அதில்தான் வரும். பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்தால் அடங்கிவிடும். அறை குறுகல், காற்று வராது என்பது உண்மை. மேசைக்காற்றாடி ஒன்று போதும், அதன் இரைச்சலே மிச்ச வசனத்தை மூடிவிடும்.

அதே சுவர் இன்னொரு உபகாரமும் செய்கிறது. முகப்பில் இருக்கும் வைஃபை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தள்ளி வரும். எல்லாரும் ரிப்பீட்டர் வாங்கி இதைச் சரிசெய்கிறார்கள். நீங்கள் வாங்காதீர்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து, வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும் அறை எதுவோ அதுதான் எழுத்து அறை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு உள்ளே போங்கள். ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால் வரைவில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே எழுதிப் போகலாம். கடைசியில் அந்தக் குறியைத் தேடி எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் பார்த்துக்கொள்ளலாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை விட்டுவிடாதீர்கள். பேப்பரில் முன்கூட்டியே ஊர் ஊராக அறிவிப்பு வந்துவிடுகிறது. விடுமுறை நாளில் அமைந்தால் டிவியும் இல்லை, ரவுட்டரும் இல்லை. லேப்டாப்பை முதல் நாளே சார்ஜ் போட்டு வைத்தால் ஓர் அத்தியாயம் தேறும்.

ஆபீஸ் முடிந்த அசதி பற்றி. களைத்த மூளையிடம் புதுக் காட்சி கேட்காதீர்கள், அது தராது. நாவலில் களைப்போடு செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது: கையால் எழுதியதைத் தட்டச்சு செய்வது, ஒற்று பார்ப்பது, யாருக்கு என்ன வயது, யார் யாருக்கு என்ன முறை என்று பட்டியலை நேராக்குவது. செட்டிநாட்டுக் கதையில் பெரியப்பச்சி, அயித்தையாண்டி முறைகள் ஒரு இடத்தில் பிசகினால் ஊர்க்காரர்கள் புத்தகத்தையே மூடிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, காபி குடித்து, இருபது நிமிடம் எந்தத் திரையும் பார்க்காமல் இருங்கள். பிறகு அரை மணி இந்தச் சில்லறை வேலை. அப்புறம் ரிமோட். எழ முடிந்த காலைகளில் மட்டும் புதுக் காட்சி. வாரத்தில் நாலு காலை கிடைத்தால் போதும். கோட்டையூரார் சொன்ன 13 வாரம் 19, 20 ஆகும், அவ்வளவுதான்.

வாயால் சொல்லி எழுதுவதும் களைப்புக்கு நல்லது. நம்ம சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் சொல்லச் சொல்லப் பஞ்சு அருணாசலம் உதவியாளராக இருந்து எழுதியது ஊருக்கே தெரியும். நமக்கு போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருக்கிறது. மொழியைத் தமிழாக வைத்து மைக்கை அழுத்திச் சொல்லுங்கள். வசனம் சொல்வதற்கு அது தோது, வர்ணனைக்கு அவ்வளவு போதாது. நிறுத்தற்குறி ஒழுங்காக வராது, ஒற்று விட்டுப்போகும், 'அயித்தை' என்றால் 'ஐந்தை' என்று எழுதி வைக்கும். ஆகவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்திப் பத்தி பிரித்துவிடுங்கள். அரை மணி நேரம் சொன்னதை மறுநாள் படித்தால் எங்கே யார் பேசினார்கள் என்று உங்களுக்கே புரியாது.

புதுவயல் ரைஸ்மில்

சந்தா விஷயம் சுருக்கமாக. ஐந்து ஓடிடியும் ஒரே நேரத்தில் வைத்திருந்தால் ஐந்தும் இழுக்கும். ஒரு மாதம் ஒன்று என்று சுற்றுங்கள். பணம் கட்டியதும் உடனே கேன்சல் கொடுத்துவிட்டால், பெரும்பாலான தளங்களில் மாதம் முடியும் வரை ஓடும், பிறகு தானாக நிற்கும். வாரத்துக்கு ஒன்றாக வரும் தொடரைத் தொடக்கத்திலேயே பிடிக்காதீர்கள், எட்டு வாரம் தலையில் உட்கார்ந்திருக்கும். கடைசி எபிசோடு வந்த மாதத்தில் அந்தத் தளத்துக்குப் பணம் கட்டுங்கள்.

டவுன்லோடு செய்து வைப்பவர்கள் கவனிக்க: நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் ஓடவிட்ட 48 மணி நேரத்தில் காலாவதி ஆகும். 'சும்மா முதல் ஐந்து நிமிடம்' என்று தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் படம்தான் உங்கள் நேரத்தை முடிவு செய்யும்.

தியேட்டருக்கு எது, வீட்டுக்கு எது என்பதற்கு ஒரே கேள்வி: சத்தமும் கூட்டமும் இல்லாமல் பார்த்தால் இந்தப் படத்தில் பாதி போய்விடுமா? ஆமாம் என்றால் தியேட்டர். இல்லையென்றால் காத்திருங்கள், பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்தி என்றால் எட்டு வாரம். போகிறதென்றாலும் வெள்ளி ராத்திரிக் காட்சி வேண்டாம், சனிக்கிழமை காலை எழுத்து போய்விடும். சனி மாலைக் காட்சிதான் எழுதுகிறவருக்கு ஏற்றது. ஞாயிறு விடுமுறை நாளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி

ரஸ்தாக்காரர் சொன்னதை ஏற்கிறேன், பாதி. அட்டவணை பிறகு போடட்டும். ஆனால் வரவுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவதை நிறுத்த வேண்டாம். ஒரு வரியால் கதை கலையாது.

விட்டுப்போன ஒன்று டப்பிங். கொரியத் தொடரும் ஸ்பானியத் தொடரும் தமிழ்க் குரலில் வருகின்றன, வேலை செய்துகொண்டே கேட்கலாம் என்று பலர் அதைத்தான் வைக்கிறார்கள். எழுதும் காலத்தில் அது வேண்டாம். டப்பிங் வசனம் வாயசைப்புக்குப் பொருந்த வேண்டும். திரையில் உதடு மூடும் இடத்தில் ப, ம மாதிரி எழுத்து விழ வேண்டும், வாய் நிற்கும் இடத்தில் வாக்கியமும் நிற்க வேண்டும். அதற்காகச் சொற்களை முன்பின்னாக மாற்றி, யாருமே பேசாத தமிழில் எழுதுகிறார்கள். 'நீ இதைச் செய்திருக்கவே கூடாது, தெரியுமா?' என்று நம்ம வீட்டு ஆச்சி யாரும் பேரனைத் திட்டியதில்லை. 'ஏன்டா, உனக்கு எதுக்குடா இந்த வேலை?' என்பாள். இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டால் முதல் வாக்கியம் இயல்பாகப் படத் தொடங்கும். மூலக் குரலை வைத்து எழுத்தில் சப்டைட்டில் படியுங்கள். வேறு வேலை செய்துகொண்டே பார்க்க முடியாது என்பது அதன் இன்னொரு நன்மை.

உங்கள் வசனத்தில் இது ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்க உரையாடலைப் பெயர்களை எடுத்துவிட்டு வீட்டில் பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். 'யாரு பேசுறா?' என்று கேட்டால் குரல்கள் பிரியவில்லை. 'எந்தப் படத்துல வருது?' என்று கேட்டால் அந்தப் பக்கத்தை முழுக்கத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

செக்காலைக்காரன்

கடைசியாக ஒன்று மட்டும். தீபாவளி, பொங்கல் வாரம்? இரண்டு மூன்று பெரிய படம் சேர்ந்து வருகிறது, வீடு நிறைய ஆளும் வந்துவிடுகிறது.

கோட்டையூரான்

அந்த வாரங்களை 13-இல் சேர்க்கவே சேர்க்காதீர்கள். காலண்டரை எடுத்து முன்கூட்டியே அடித்துவிடுங்கள்: தீபாவளி, பிள்ளையார் நோன்பு, பொங்கல், தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர் என்றால் அதுவும். பங்குனியில் கம்பன் விழா: மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில், அத்தம் நாட்டரசன்கோட்டையில். போகிற ஆள் என்றால் அந்த நாலு நாளும் எழுத்து ஓடாது. எழுத முடியாத வாரத்தில் எழுதவில்லை என்று நொந்துகொண்டு, அந்த வருத்தத்திலேயே அடுத்த வாரத்தையும் விடுவதுதான் பெரும்பாலான வரைவு பாதியில் நிற்கக் காரணம்.

பண்டிகைக்கு முதல் நாள் அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். காட்சியை நடுவில், முடிந்தால் ஒரு வசனத்துக்குப் பதில் வராத இடத்தில் நிறுத்துங்கள். கீழே மூன்று வரி: அடுத்துப் பேசப்போவது யார், அவருக்கு என்ன வேண்டும், அறையில் வேறு யார் இருக்கிறார்கள். பண்டிகை முடிந்து உட்கார்ந்ததும் புதிதாக எதுவும் யோசிக்காமல் கடைசி ஒரு பக்கத்தை அப்படியே திரும்பத் தட்டச்சு செய்யுங்கள். பக்கம் முடிகிற இடத்தில் அந்த மூன்று வரி காத்திருக்கும். முதல் நாள் 200 சொல் வந்தாலே போதும் என்று எழுந்துவிடுங்கள்.

படங்களில் ஒன்றைப் பண்டிகை நாளிலேயே குடும்பத்தோடு பார்த்துவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் மியூட் போட்டுவிட்டு அடுத்த சனி மாலை, அதற்கடுத்த சனி மாலை. நல்ல படம் என்றால் இரண்டாம் வாரமும் காரைக்குடியில் ஓடும், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும்.